ஆள் ஏறினால் வரும் சத்தம்

இன்று காலை நம் வீட்டுக்கு எதிரே ஒரு டூரிஸ்ட் ஜீப் நின்றுவிட்டது. ஓட்டி வந்த பையன் பின்சக்கரத்தைக் கழற்றி மதிலில் சாய்த்து வைத்தான். அந்தக் கருகின கிரீஸ் வாசனை மூக்கில் ஏறியதும் கையிலிருந்த டீயை அப்படியே கீழே வைத்துவிட்டேன். அந்த வாசனையோடு நான் வேலையிலிருந்து வந்தால் நீ உள்ளேயே விடமாட்டாய். "அந்தக் கையோட சட்டியத் தொட்டீக, நடக்கிறதே வேற" என்று வாசலிலேயே சோப்பை நீட்டுவாய். நீ கண்ணை மூடி ஒரு மாதம்தான் ஆகிறது. கை கழுவச் சொல்ல ஆள் இல்லாமல் இருப்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

எழுபதுகளின் நடுவில், தேவிகுளத்துக்கு மேலே தேயிலை எஸ்டேட்டில் நீ கொழுந்து பறித்தாய், நான் ஜீப் ஓட்டினேன். அப்போதே அது கிழட்டு ஜீப். ஆனால் நாலு சக்கரமும் இழுக்கும். மழைக்காலத்தில் மேல் டிவிஷன் சேற்றில் ஏற அதை விட்டால் வேறு வண்டி கிடையாது. காலையில் மேனேஜர் துரையை ஏற்றிக்கொண்டு மலையைச் சுற்றுவேன். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டால் கொழுந்து மூட்டைகளையும் உங்களையும் ஏற்றி இறக்குவேன்.

ஒரு வருஷம் ஆனி மாதத்தில்தான் வண்டிக்கு அடியிலிருந்து சத்தம் வர ஆரம்பித்தது. 'ர்ர்ர்' என்று ஒரு உறுமல். வேகம் போனால் கூடும், வண்டியை நிறுத்தினால் அடங்கிவிடும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். சக்கரம் கழன்றால் அள்ளி எடுக்கக்கூட ஒன்றும் மிஞ்சாது. சத்தம் எங்கே என்று தெரியாமல் மேல் டிவிஷனுக்கு வண்டி ஏறாது என்று சொல்லிவிட்டேன்.

நான் பார்க்காத இடமா! டயர்களை மாற்றிப் போட்டேன். இடுக்கில் சிக்கிய கல்லையெல்லாம் நெம்பி எடுத்தேன். முன்சக்கரத்துக்கு விசை கொடுக்கும் சின்ன லீவரைப் போட்டுப் பார்த்தேன், எடுத்துப் பார்த்தேன். ஜாக்கி வைத்துத் தூக்கி ஒவ்வொரு சக்கரமாகக் கையால் சுற்றிக் காதை வைத்துக் கேட்டேன். நாலும் சத்தமில்லாமல் சுற்றின. அடிமாலியிலிருந்து மெக்கானிக் வந்தார். துரையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, "ஒரு ஒச்சயும் இல்லல்லோ சாரே" என்று, சத்தமே இல்லை என்பதை மலையாளத்தில் சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டார்.

துரை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டிரைவர், மலை ஏறப் பயம்னா பயம்னு சொல்லு. சனிக்கிழமை வரைக்கும் பார்க்கிறேன். அதுக்குள்ள வண்டி மேல போகலைன்னா சாவிய வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். நீ கவ்வாத்துக்குப் போயிடு" என்றார்.

கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தேயிலைச் செடி வெட்டி ஆறு வருஷம் முதுகு ஒடிந்தவன் நான். லைசென்ஸுக்காகத் தேவிகுளம் ஆபீஸுக்கு நடையாய் நடந்தவன். அந்தச் சாவி கைக்கு வந்த பிறகுதான் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் 'டிரைவரண்ணே' என்றார்கள். சாவி போனால் அந்தப் பெயரும் கூடவே போய்விடும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரசத்தில் உப்பு இல்லை என்று உன்னிடம் எரிந்து விழுந்தேன். நீ நனைந்த கம்பளியை அடுப்புப் பக்கம் காயப் போட்டுக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாய்:

"தொரை ஏறுனா அது சத்தம் போடாது. நாங்க ஏறுனாத்தான் போடும்."

"ஆமா, தொரை யாரு, தொழிலாளி யாருன்னு ஜீப்புக்குத் தெரியுமாக்கும்?"

"நீங்க முன்னாடி உக்காந்து ரோட்டப் பாக்குறீக. நாங்க பின்னாடி பலகையில கெடந்து குலுங்குறோம். எங்க நடுமுதுகுலல்லா வருது சத்தம்! பேச்சியம்மா எடப் பக்கம் உக்காந்தா கூடுது. அவ எந்திரிச்சு இங்கிட்டு வந்தா கொறையுது."

"போடி, உனக்கு என்ன தெரியும் வண்டியப் பத்தி" என்றேன். ஆனால் சாப்பிடும்போதுதான் உறைத்தது. நானும் மெக்கானிக்கும் துரையும் பார்த்ததெல்லாம் வெறும் வண்டியை! ஜாக்கியில் தூக்கிய சக்கரத்தின் மேல் என்ன பாரம் இருக்கும்? வலப் பக்க வளைவில் பாரம் இடப் பக்கம் சாயும்போதுதான் உறுமல் கூடியது என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அட மடையா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை துரையை முன்சீட்டில் உட்கார வைத்து, பின்னால் எட்டுப் பெண்களை ஏறச் சொன்னேன். நீயும் அதில் ஒருத்தி. "எங்கள எங்க கொண்டு போயித் தள்ளப் போறீக டிரைவரண்ணே?" என்று பேச்சியம்மா கேட்க, எல்லாரும் சிரித்தீர்கள். பேக்டரி முற்றத்தைச் சுற்றினேன். வலப் பக்கப் பலகையில் எல்லாரும் நெருங்கி உட்கார்ந்தபோது சத்தமே இல்லை. "எல்லாரும் எடப் பக்கம் மாறுங்க!" என்று கத்தினேன். ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து, கூச்சலும் சிரிப்புமாக மாறினீர்கள். அடுத்த நிமிஷமே வந்தது உறுமல். துரையின் புருவம் மேலே ஏறியதை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன்.

அங்கேயே இடப் பக்கப் பின்சக்கரத்தைக் கழற்றினோம். உள்ளே பேரிங் உருளைகள் அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி இருந்தன. இன்னும் இரண்டு நடை மேல் டிவிஷனுக்குப் பாரம் ஏற்றியிருந்தால் அவ்வளவுதான். துரை என் தோளில் கை வைத்தார். "நல்ல மூளை உனக்கு. எப்படித் தோணிச்சு?"

"அனுபவம் சார்" என்றேன்.

நீ கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாய். நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குத் தைரியம் இல்லை.

வீட்டுக்கு வந்தால் சண்டை நிச்சயம் என்றுதான் வந்தேன். நீயோ கரண்டியைத் தூக்கிக்கொண்டு, "அனுபவஸ்தருக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவா?" என்றாய். அவ்வளவுதான். அதற்குப் பிறகு டப்பா மூடி திறக்கவில்லை என்றாலும் 'அனுபவஸ்தரே, வாங்க' என்றுதான் கூப்பிட்டாய். நான் அந்தக் கதையை டீக்கடையில் சொன்னேன், கல்யாண வீடுகளில் சொன்னேன், மருமகன் வந்த முதல் நாளே சொன்னேன். எல்லாக் கதையிலும் மூளை என்னுடையதுதான். நீ காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "பேச்சியம்மா விழுந்ததச் சொல்லாம விட்டுட்டீகளே" என்று எடுத்துக் கொடுப்பாய். உனக்கு வருத்தம் இருந்ததா என்று ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை. கேட்டால் எங்கே ஆமாம் என்று சொல்லிவிடுவாயோ என்ற பயம்தான்.

உன் பதினாறாம் நாள் விசேஷத்தில், துக்கத்தை மாற்றலாம் என்று நினைத்து மருமகன், "மாமா, அந்த ஜீப் கதையச் சொல்லுங்க" என்றான். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். முடியவில்லை. "அது நான் கண்டுபிடிச்சதில்லப்பா. எல்லாம் அவ சொன்னது" என்று சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

அப்போது மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பேச்சியம்மா தலையைத் தூக்கினாள். "ஏண்ணே, இத இப்பத்தான் சொல்லுதீகளா? அன்னைக்கே லயம் பூராத் தெரியுமே!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளோ உலக்கையைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "வெள்ளிக்கெழம கொழுந்து எடுக்கையிலேயே அவ எங்ககிட்டச் சொல்லிட்டா. நீங்க அனுபவம்னதும் நாங்க கிண்டல் பண்ணத்தான் வந்தோம். அவதான் வழிய மறிச்சுக்கிட்டு நின்னா. 'அந்த மனுசன் இப்பத்தான் தலை நிமிந்து நடக்காரு. எவளாவது அவரு முன்னாடி வாயத் தொறந்தீக, பெறகு நான் மனுசியா இருக்கமாட்டேன்'னுட்டா."

முதலில் வெட்கம் பிடுங்கித் தின்றது. காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு நான் டீக்கடைக்குப் போன ஒவ்வொரு நாளும், எத்தனை பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றிருப்பார்கள்! பிறகு என்னை அறியாமல் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேச்சியம்மாவும் சிரித்தாள். துக்க வீடு என்றும் பார்க்காமல் எல்லாரும் சிரித்தோம். உனக்கு அது பிடித்திருக்கும்.

இனிமேல் தலை குனிந்து நடக்கலாமா என்று நாலு நாள் யோசித்துப் பார்த்தேன். மனம் வரவில்லை. ஒரு லயமே இத்தனை வருஷம் வாயை மூடிக் காத்துக் கொடுத்த தலை இது. நிமிர்ந்தே நடக்கிறேன், புள்ளே.