ஃப்ரீசர் கீழ இருக்கிற ஃப்ரிட்ஜ்

என்னங்க, நான் ஆரோவில் வேலைக்குக் கிளம்பிட்டேன். நல்லா தூங்கிட்டிருந்தீங்க, எழுப்ப மனசு வரலை. இட்லி மூடி வச்சிருக்கேன்.

நேத்து கடையில எல்லார் எதிர்லயும், "இவரால குனிய முடியாது, ஃப்ரீசர் கீழ இருக்கிற ஃப்ரிட்ஜா காட்டுங்க"ன்னு நான் சொல்லியிருக்கக் கூடாது. பஸ்ல வர்றப்ப நீங்க ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்துட்டீங்க. இருபது வருஷம் உப்பளத்துல குனிஞ்சு குனிஞ்சு உப்பு வாரின முதுகுங்க அது. அதை நான் குறையா நினைக்கலை. ஆனா இப்ப சமையல் உங்க கையில. பழைய ஃப்ரிட்ஜ்ல தக்காளிக்கும் கீரைக்கும் தினம் பத்து தடவை அடித்தட்டுக்குக் குனிஞ்சுட்டு, செவுத்தைப் புடிச்சுக்கிட்டு நீங்க நிமிர்றதை என்னால பார்க்க முடியலை.

பதினோரு மணிக்கு வண்டி வரும். நீங்க கேட்ட, ஃப்ரீசர் மேல இருக்கிற மாடல்தான் வேணும்னா, அதுக்கு முன்னாடி கடைக்கு போன் பண்ணி மாத்திடுங்க. கோவிச்சுக்க மாட்டேன். பழைய ஃப்ரிட்ஜை அவங்களே தூக்கிட்டுப் போவாங்க, நீங்க கை வைக்காதீங்க.

அமுதவல்லி

இன்னொண்ணு. புது ஃப்ரிட்ஜ்ல மீன் கீழதான் இருக்கும். அதுக்கு நீங்க குனிய வேணாம். தினம் கிளம்பறப்ப நானே எடுத்து வெளிய வச்சுட்டுப் போறேன்.