மீதியில் கால் பங்கு

ஜனவரி 8
தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில், அவர்கள் தூங்கிய நேரத்தில் ஒரு கணக்குப் போட்டேன். காணியில் மூன்றில் ஒரு பங்கு தேயிலை. மீதியில் கால் பங்கு மிளகு. எஞ்சியது எவ்வளவு? ஒன்றிலிருந்து இரண்டையும் கழித்து 5/12 என்று எழுதினேன்.

வீட்டில் மகள் அனுஷியா பார்த்துச் சிரித்துவிட்டாள். "மொத்தத்துல கால் இல்லம்மா, மீதியில கால். மொதல்ல மீதியக் கண்டுபிடிங்க."

மீதி 2/3. அதில் கால், 1/6. 2/3 இல் 1/6 போனால் 1/2.

எனக்கு முப்பத்தொன்பது வயது. அவளும் நானும் பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் அதே சாதாரண தரப் பரீட்சையைத்தான் எழுதப்போகிறோம். வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

ஜனவரி 9
பள்ளியில் படித்த காலத்தில் இதே பரீட்சையில் கணக்கில் பெயிலானதால்தான் இன்னும் மடுவத்தில் உதவியாள். பாஸானால் பொறுப்பாளர் வேலை என்று தோட்ட அலுவலகத்து ரஜனி மேடம் சொல்லியிருக்கிறார்.

ஜனவரி 27
சோற்றைப் பிசைந்துகொண்டே இவர் கேட்டார்: "அவ படிக்கிற நேரத்துல ஒனக்குப் பாடம் நடத்துறா. பரீட்சை அவளுக்கா, ஒனக்கா?"

"சொல்லிக்குடுத்தா எனக்கும் பதியுதுப்பா" என்றாள் அனு.

சாப்பிட்டு முடிந்ததும் கணக்குக் கொப்பியோடு மறுபடி அவளிடமே போய் நின்றேன். ஆசை யாரை விட்டது.

மார்ச் 20
கணக்குப் பரீட்சை முடிந்தது. வெள்ளைச் சீருடைகளுக்கு நடுவே சேலையோடு நான் ஒருத்திதான். பெற்றோர் வெளியே நிற்கவேண்டும் என்றார் மண்டபத்து ஐயா. பரீட்சை அனுமதி அட்டையை எடுத்துக் காட்டினேன்.

ஜூலை 11
கணக்கில் எனக்கு எஸ், பாஸ். அனுவுக்கு டபிள்யூ, பெயில்.

போனில் மூன்று தடவை பார்த்தேன். மாறவில்லை. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"ஒங்களுக்கு என்னம்மா?"

"எனக்கும் டபிள்யூதான்டி."

ஏன் சொன்னேன்? அவள் நேரத்தைத் தின்று பாஸானவள் நான் — அதை எந்த வாயால சொல்றது?

ஜூலை 14
வெள்ளிக்கிழமைக்குள் பெறுபேற்றுத் தாள் வேண்டுமாம். இல்லாவிட்டால் வேறு ஆள் என்கிறார் மேடம். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 16
அனு என் பரீட்சைச் சுட்டெண்ணைப் போனில் போட்டுப் பார்த்துவிட்டாள்.

"எனக்காக நீங்க பெயிலாகத் தேவையில்ல! நான் பெயிலானதுகூட இவ்வளவு கேவலமா இல்ல."

லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்டிருக்கும். பிள்ளையைக் காப்பாற்றுவதாக நினைத்து அவமானப்படுத்தியிருக்கிறேன். நானெல்லாம் ஒரு தாய்.

ஜூலை 18
காலையில் அனுவே என் பெறுபேற்றுத் தாளை என் பையில் வைத்தாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். மேடம் வாழ்த்தியபோது தலையைக் குனிந்துகொண்டேன்.

சாயந்தரம் அனு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து முக்கோணமும் வட்டமுமாக இருந்த கேத்திரகணிதப் பக்கத்தை விரித்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இது எனக்கு ஒரு நாளும் வெளங்கலம்மா. ஒங்களுக்குச் சொல்லிக்குடுக்கிறவ, ஒங்ககிட்ட எப்படிக் கேக்கிறதுன்னு வெட்கமா இருந்துச்சு."