கயிறு கட்டாமல் ஜொகூர் வரை

அண்ணி,

இன்று காலை பினாங்கு ஆயர் ஈத்தாம் கோயில் வாசலில் ஒரு புதுக் காருக்குப் பூசை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம், பானெட்டில் சந்தனம் குங்குமம், முகப்பில் தடித்த சாமந்தி மாலை. வெயில் ஏற ஏறப் பூவின் வாசனை எழுந்து வந்தது. மற்றவர்களுக்கு அது சாமி வாசனை. எனக்கோ சூடேறிய டீசல் எஞ்சினும், நெடுஞ்சாலை ஓரத்தில் இடுப்பில் கை வைத்து நின்ற நீங்களும்தான் ஞாபகத்துக்கு வருவீர்கள். கும்பிடப் போனவள் கும்பிட மறந்து அங்கேயே நின்றுவிட்டேன்.

அண்ணன் போன பிறகு உங்களைப் பற்றி எல்லாருக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. உங்கள் மகன் தினேஷுக்கு இருந்தது மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் பெரியது. வீட்டை வாடகைக்கு விட வேண்டும், அண்ணனுடைய பழைய டீசல் காரைப் பழைய இரும்புக்குப் போட வேண்டும், அம்மா ஜொகூர் பாருவில் தன்னோடு வந்து இருக்க வேண்டும். நல்ல பிள்ளைதான். ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்து அழாத குறையாகக் கேட்பான். நீங்கள் கோப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

ஒரு ஞாயிறு நான் பக்கத்தில் இருந்தபோதுதான் அந்தப் பந்தயத்தைக் கட்டினீர்கள். ஸ்பீக்கரில் அவன் சொன்னான், “அம்மா, அந்தக் காடி பாலத்துக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தக்கூட தாண்டாதுலா. அத நம்பி நீங்க தனியா இருக்கீங்க. நடுராத்திரி நெஞ்சு வலின்னா என்ன செய்வீங்க?”

“தாண்டாதா? சரி. நானே அத ஓட்டிக்கிட்டு உன் வீட்டு வாசலுக்கு வர்றேன். தன் கால்ல வந்து நின்னுச்சுன்னா நானும் காடியும் பினாங்குல இருப்போம். வழியில எங்கயாச்சும் கயிறு கட்டி இழுத்தாங்கன்னா அங்கயே வித்துட்டு உங்கூட வந்துடுறேன். அதுக்கப்புறம் ஒரு வார்த்த பேச மாட்டேன்.”

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, “சாந்தா, நீயும் வர்ற. எனக்குச் சாட்சி வேணும்” என்றீர்கள். என் விருப்பத்தை யார் கேட்டார்கள்!

கார் ஓட்டுவது உங்களுக்குப் புதிதல்ல என்பது எனக்குத் தெரியும். பாயான் லெப்பாஸ் பேக்டரியில் இரவு ஷிப்டு சூப்பர்வைசராக இருந்த காலத்தில் பேக்டரி பஸ்ஸை விட்டுவிட்டு அந்தக் காரில்தான் போய் வந்தீர்கள். அண்ணனுக்குக் கண் மங்கிய பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓட்டியதும் நீங்கள்தான். ஆனால் தீவுக்குள் ஓடுவது வேறு, தீபகற்பத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போவது வேறு. மாக் மண்டினில் பட்டறை வைத்திருந்த சீனரிடம் காரைக் காட்டினீர்கள். அவர் பானெட்டைத் திறந்து வெகுநேரம் காது கொடுத்துக் கேட்டார். “அண்டி, எஞ்சின் இன்னும் போலே, நல்லா ஓடும். பாடி மட்டும்தான் கிழவி” என்றார். “என்னயும் சேர்த்துச் சொல்றான் பாரு” என்று என் இடுப்பில் இடித்தீர்கள்.

கிளம்பும் நாள் காலையில் கோயிலில் பூசை. அர்ச்சனை முடிந்து, தேங்காய் உடைத்து, இருப்பதிலேயே பெரிய மாலையை வாங்கி முகப்பில் கட்டச் சொன்னீர்கள். பூக்காரப் பையன் விளக்குகளுக்கு நடுவே இடைவெளியே தெரியாமல் மடித்து மடித்துக் கட்டினான். “ஜொகூர் போய்ச் சேர்ற வரைக்கும் இந்த மால இறங்கக் கூடாது” என்று சாமிக்கு முன்னால் சொன்னீர்கள். பிறகு செருப்பைக் கழற்றிப் பின்னால் போட்டீர்கள். வெறுங்காலில்தான் நீங்கள் ஓட்டுவீர்கள். சாவியைப் பாதி திருப்பி, அந்தச் சுருள் போட்ட மஞ்சள் விளக்கு அணையும்வரை காத்திருந்தீர்கள். டீசல் காருக்கு அந்தப் பொறுமை வேண்டும் என்பீர்கள். உனக்கு அது போதவே போதாது என்று என்னிடமும் சொல்வீர்கள். விளக்கு அணைந்தது, கார் ஒரு முறை உடம்பைக் குலுக்கி, கடகடவென்று பிடித்துக்கொண்டது. கோயில் வாசலில் நின்றவர்கள் புகைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டே கையசைத்தார்கள்.

பாலம் தாண்டி, பிறை தாண்டி, தைப்பிங் வரைக்கும் நீங்கள் அரசியாகத்தான் போனீர்கள். இடது ஓரத்தில் லாரிகளோடு லாரியாக. முந்திப் போகிற லாரிக்காரர்கள் மாலையைப் பார்த்து ஹாரன் அடித்தால், தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி கை காட்டினீர்கள். நான் ஒவ்வொரு சத்தத்துக்கும் “இது என்ன அண்ணி, இது என்ன அண்ணி” என்று கேட்டேன். “அது காடி பேசுது. நீ கொஞ்சம் பேசாம இரு, அது என்ன சொல்லுதுன்னு கேக்கணும்” என்றீர்கள்.

கோலாகங்சார் தாண்டி மெனோரா சுரங்கப்பாதைக்கு முன்னால் வருகிற ஏற்றத்தில் கார் பேச்சை நிறுத்தியது. சூடு காட்டுகிற முள் மெல்ல மெல்லச் சிவப்புக்கு ஏறியது. ஏர்கோனை அடைத்தீர்கள். கண்ணாடிகளை இறக்கினீர்கள். எஞ்சின் சூட்டை உள்ளே இழுக்க ஹீட்டரைத் திறந்துவிட்டீர்கள். மலேசியா வெயிலில் ஹீட்டர்! இருவரும் ஆவி பிடித்தது மாதிரி வேர்த்து ஒழுகினோம். அப்படியும் முள் இறங்கவில்லை. சாலையோர அவசரத் தடத்தில் ஒதுக்கி நிறுத்தினீர்கள். பானெட்டிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. என்னை இறக்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்தீர்கள். எனக்கு அழுகை வந்தது. காருக்காக இல்லை. உங்கள் வீட்டுச் சமையலறை, வாசலில் நீங்கள் வைத்த கறிவேப்பிலை மரம், எல்லாம் அந்த ஆவியோடு போகிறது என்று தோன்றியது.

அந்த நேரம் பார்த்தா போன் வர வேண்டும்? தினேஷ் தன் போனில் நம் கார் எங்கே போகிறது என்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தான்.

“அம்மா, ஏன் புள்ளி நகரவே மாட்டேங்குது?”

“இங்க சீன் நல்லா இருக்குடா. உன் அத்த போட்டோ எடுக்கணும்னு ஒரே அடம்.”

நான் போட்டோவுக்கு முகம் காட்டாதவள் என்பது அவனுக்குத் தெரியும். இருந்தும் “சரிம்மா” என்று வைத்துவிட்டான்.

அடுத்து வந்தது நெடுஞ்சாலை ரோந்து வண்டி. அதிலிருந்து இறங்கிய மலாய்க்காரர் மரியாதையான மனிதர். காரைச் சுற்றிப் பார்த்து, ஈப்போ டோல் வரை இழுத்துக்கொண்டு போய் விடுகிறேன் அக்கா, இதற்குக் கட்டணம் கிடையாது என்றார். இழுக்கிற கயிற்றைக்கூட எடுத்துவிட்டார். அவர் என்னைப் பார்த்தார், நான் உங்களைப் பார்த்தேன். அந்த வளைவில் நம்மைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஈப்போவில் இறங்கித் தண்ணீர் ஊற்றி ஓட்டிக்கொண்டு போனால் எந்தத் தினேஷுக்குத் தெரியும்? “அண்ணி, நான் சொல்ல மாட்டேன்” என்று உங்கள் காதில் சொன்னேன்.

நீங்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. “உன்னச் சாட்சிக்குத்தானே கூட்டியாந்தேன்?” என்று மட்டும் கேட்டீர்கள். பிறகு அவரிடம், “தா பாயா, அடேக். நான்தி டியா சேஜூக், சாயா ஜாலான்.” வேண்டாம் தம்பி, ஆறியதும் நானே போய்விடுவேன் என்று.

அவர் தலையைச் சொறிந்தார். இந்த இடம் ஆபத்து, நான் ஒரு சுற்றுப் போய்விட்டு வருகிறேன், அப்போதும் இங்கேயே நின்றால் இழுத்துத்தான் ஆக வேண்டும், அது என் வேலை என்று சொல்லிவிட்டு, நம் பின்னால் கூம்புகளை வைத்துவிட்டுப் போனார்.

நீங்கள் காரின் முன்னால் போய் நின்று கைகூப்பினீர்கள். சாமியிடம் என்ன கேட்டீர்களோ தெரியாது. மாலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கையை நீட்டியவர், அப்படியே நின்றுவிட்டீர்கள். விரலை மாலைக்குப் பின்னால் விட்டீர்கள். முன்பக்கம் பூ பூவாக இருந்தது. பின்பக்கம் கீரை வதங்கின மாதிரி வெந்து, கார் முகப்பின் கம்பிகளோடு அப்பிக் கிடந்தது. அப்போதுதான் எனக்கும் உறைத்தது, ஏற்றத்திலிருந்தே வந்துகொண்டிருந்தது பூ வேகிற வாசனை என்று.

உங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “ஏண்டி சாந்தா, மூக்க நல்லா பொத்திவிட்டுட்டு மல ஏறு ஏறுன்னா அது எப்புடிடி ஏறும்? பட்டறக்காரன் எல்லாத்தயும் பாத்தான். நான் கட்டப்போற மாலய பாக்கலியே!”

இந்தத் தப்பை நம் ஆட்களைத் தவிர உலகத்தில் வேறு யார் செய்வார்கள் அண்ணி? இன்று காலையும் அதனால்தான் என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அந்தப் புதுக்கார்த் தம்பியிடம் போய், மாலையை மூச்சுக் குழியை மறைத்துக் கட்டாதே என்று சொன்னேன். அவன், “அண்டி, இது எலக்ட்ரிக் காடி, முன்னால ஓட்டையே இல்ல” என்றான். நீங்கள் இருந்திருந்தால் அந்தக் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “அப்ப இது எதாலதான் மூச்சு விடுது?” என்று அவனை உட்கார வைத்துக் கேட்டிருப்பீர்கள்.

மாலையை அவிழ்ப்பதற்குத்தான் உங்களுக்குக் கை வரவில்லை. சாமிக்கு முன்னால் சொன்ன சொல். ஒரு நிமிஷம் யோசித்தீர்கள். “இறங்கக் கூடாதுன்னுதான் சொன்னேன். எந்தப் பக்கம்னு சொல்லல” என்று சொல்லி, மாலையை அவிழ்த்துப் பின்பக்கம் டிக்கியின் மேல் கட்டினீர்கள். அவ்வளவு நேரம் அழுதுகொண்டிருந்த எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் கொண்டை ஊசியைப் பிடுங்கிக்கொண்டு, ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே ஒட்டியிருந்த இதழ்களை ஒவ்வொன்றாக நோண்டி எடுத்தீர்கள். எஞ்சின் ஆறட்டும் என்று காத்திருந்தீர்கள். நான் அவசரப்படுத்தினேன், அவர் வந்துவிடுவார், வந்துவிடுவார் என்று. நீங்கள் அசையவில்லை. சூட்டோடு மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும் என்றீர்கள். ஆறிய பிறகு ஈரத்துணி போட்டு மூடியைத் திறந்து, நாம் குடிக்க வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் ஊற்றினீர்கள்.

ரோந்து வண்டி வளைவில் திரும்பி வந்தபோது நீங்கள் சாவியைப் பாதி திருப்பி மஞ்சள் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவர் கயிற்றோடு இறங்கி நடந்து வருகிறார். “திருப்புங்க அண்ணி!” “இரு.” விளக்கு அணைந்தது. திருப்பினீர்கள். கார் குலுங்கியது, இருமியது, பிடித்துக்கொண்டது. கறுப்புப் புகை அவர் சட்டையெல்லாம். அவர் இருமிக்கொண்டே கட்டை விரலை உயர்த்தினார். அது மட்டுமா, கூம்புகளை எடுத்துப் போட்டுக்கொண்டு, மேலே விளக்கைச் சுழலவிட்டு, சுரங்கப்பாதை தாண்டும்வரை நம் பின்னாலேயே வந்தார். பின்னால் மாலை, அதற்கும் பின்னால் விளக்கு வண்டி. எந்த மந்திரிக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்திருக்கும்? உங்கள் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தவள்தான், தஞ்சோங் மாலிம் வரைக்கும் நான் முதுகைச் சாய்க்கவில்லை.

ஜொகூரில் தினேஷ் அரைக்கால் சட்டையோடு கீழே இறங்கி வந்தான். காரின் முன்னால் குனிந்து இழுக்கிற கொக்கியைத் தொட்டுப் பார்த்தான். வருஷக்கணக்கான துரு அப்படியே இருந்தது. பின்னால் போய் மாலையைப் பார்த்தான்.

“எங்கயும் கயிறு கட்டலியா அத்த? சத்தியமா?”

“கொண்டுவந்தாங்கடா. உங்கம்மா கட்ட விடல” என்றேன். அந்த ஒரு வாக்கியத்தை நான் சொன்ன மாதிரி கம்பீரமாக என் வாழ்நாளில் வேறு எதையும் சொன்னதில்லை.

அவன் பானெட்டின் மேல் கை வைத்தான். “தோத்துட்டேம்மா.”

“நீ எங்கடா தோத்த? அம்மாவுக்கு இன்னும் கையும் காலும் புத்தியும் இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்ட. அது உனக்கு நல்லதுதானே?” என்றீர்கள். பையன் உங்கள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவன் கேட்கவே இல்லை. அவன்தான் உங்களைப் பார்க்கப் பினாங்குக்கு வந்துகொண்டிருந்தான். கடைசி வரை உங்கள் வீட்டில், உங்கள் அடுப்பில் கொதித்த கோப்பியைக் குடித்தீர்கள். நீங்கள் போய்ச்சேர்ந்த காலையிலும் அப்படித்தான். பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டு நான் ஓடி வந்தபோது, நாற்காலியில் தூங்குவது மாதிரி இருந்தீர்கள். உங்களை இழந்ததில் எனக்கு ஆறாத வருத்தம் உண்டு அண்ணி. ஆனால் நீங்கள் இருந்த விதத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை, பெருமைதான்.

இப்போது என் முறை வந்திருக்கிறது. கிள்ளானிலிருந்து என் மகள் போன் செய்கிறாள். “அம்மா, தனியா ஏன் கிடக்குறீங்க, இங்க வந்துடுங்கலா” என்கிறாள். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. பந்தயம் கட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

“வர்றேன்டி. பஸ் ஏறி வந்து, பேரப்புள்ளைங்களோட நாலு நாள் இருந்துட்டு, என் வீட்டுக்குத் திரும்பிடுவேன். உங்க மாமி பக்கத்துல உக்காந்து ஜொகூர் வரைக்கும் போனவ நான்.”

அவள் சிரித்தாள். இப்போதெல்லாம் அவள் போன் செய்தால், எப்போது வருகிறீர்கள் என்று கேட்கும்போதே எப்போது திரும்புகிறீர்கள் என்றும் சேர்த்துக் கேட்கிறாள்.