இரண்டு துண்டிலும் ஒரே பெயர்

இங்கிலாந்து
12.11.1979

அன்புள்ள அம்மாவுக்கு,

ராசா எழுதுகிறேன். நான் சுகம். உங்கள் முழங்கால் நோ இப்ப எப்படி?

விமானம் ஓட்டப் பழக வந்து மூன்று மாதம், ஆறு தரம்தான் ஏறினனான். பள்ளிக்கூடம் கடற்கரையில் இருக்கிறதால் விடிஞ்சதும் மூடுபனி வந்து ஓடுபாதையை மூடிவிடும். நேற்றும் பழக்குகிற வெள்ளைக்காரத் துரை, "தீவுக்காரா, உன்ரை கடலைக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லு" என்று பகிடி விட்டார். நானும் சிரிச்சனான். மாசியில் விசா முடியுது. அதுக்குள்ளே லைசன்ஸ் எடுக்க ஏலாது அம்மா.

மிளகாய்த்தூள் முடிஞ்சுது. அனுப்பேக்கை உங்கட கையால் இரண்டு வரி எழுதி வையுங்கோ.

நயினாதீவு அம்மாள் பிழையான பள்ளிக்கூடத்தைக் காட்டிப்போட்டா என்று நீங்கள் கோயிலுக்கே போறதில்லையாம். விமலாக்கா எழுதினவ. அம்மாளில் கோவிக்காதேங்கோ. அம்மாளுக்கு முன்னாலே பூக்கட்டிப் பார்க்க இரண்டு பள்ளிக்கூடத்தின் பெயரையும் வேறுவேறு துண்டில் எழுதச் சொன்னீங்கள். இந்தப் பள்ளிக்கூடத்துப் படத்தில் விமானம் கடலுக்கு மேலே பறந்தது. அந்த ஆசையில் இரண்டு துண்டிலும் இதையே எழுதிப்போட்டன். ஐயர் எதை எடுத்திருந்தாலும் இதுதான் வந்திருக்கும்.

கோவத்தை என்னில் வையுங்கோ. வெள்ளிக்கிழமை வள்ளத்தில் அம்மாளிட்டைப் போங்கோ.

தபால் எடுக்கிற நேரமாச்சு.

உங்கள் மகன்
ராசா