ஓடுபாதையில் ஆட்டுக்கொட்டகை

கோக்-பெல் கிராமம்,
அக்டோபர் தொடக்கம்.

பெர்மெத்தின் அப்பாவுக்கு,

சலாம். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித் தொடங்குவதுதான் முறை. அப்படியே எழுதுகிறேன். அத்தை நலம், பெர்மெத் நலம், பசு நலம். உங்கள் அண்ணனுடைய ஆடுகள் எங்கள் எல்லோரையும்விட நலம். விமானம் இறங்க வேண்டிய இடத்தில் தகரக் கூரைக்குக் கீழே படுத்து அசைபோடுகின்றன. அவற்றுக்கு என்ன குறை!

நீங்கள் அனுப்பிய செய்தியைப் படித்தேன். "கொட்டகைய படத்துலேருந்து எடுத்துடு. அண்ணனோட வம்பு வச்சுக்காத." இவ்வளவுதான் எழுதியிருந்தீர்கள். பதிலை நானும் செய்தியாக அனுப்பியிருக்கலாம். பாதி படித்துவிட்டு ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவீர்கள். போனில் பேசினால் குறுக்கே பேசுவீர்கள். கடிதத்தில் இரண்டும் முடியாது. உங்கள் சித்தப்பா மகன் நாளை யெகாதெரின்புர்குக்குப் புறப்படுகிறான். உங்கள் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். தேநீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்து முழுவதும் படியுங்கள்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். எடுக்க மாட்டேன்.

நீங்கள் கம்ப்யூட்டரில் செய்த நம் ஊர் விமானத் தளம் அழகானது, அதை நான் மறுக்கவில்லை. சிறு வயதில் பார்த்தபடியே செய்திருந்தீர்கள். ஓரத்தில் சுண்ணாம்பு அடித்த கற்கள், கம்பத்தில் காற்றின் திசை காட்டும் துணிப்பை, உங்கள் அப்பா பழுது பார்த்த இரட்டை இறக்கை விமானம். வீட்டு மேசையில் உட்கார்ந்து சிமுலேட்டரில் விமானம் ஓட்டுகிறவர்கள் எந்தெந்த நாட்டிலிருந்தோ அதை இலவசமாக இறக்கிக்கொண்டு நம் பள்ளத்தாக்கில் வந்து இறங்கினார்கள். நீங்கள் ரஷ்யாவுக்குப் போனதும் இப்போதைய தரையைப் படம் பிடித்து அதைப் புதுப்பிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. வெயிலில் படம் எடுக்காதே, நிழல் விழும், மேகம் மூடிய நாளில் எடு என்று சொல்லித் தந்தது நீங்கள்தான். நானும் மேகம் மூடிய நாளெல்லாம் ஓடுபாதையில் மண்டிபோட்டுச் சரளைக்கல்லைப் படம் பிடித்தேன். ஊரே சிரித்தது. "புள்ளைங்களப் படம் பிடிப்பாங்க, குதிரையப் படம் பிடிப்பாங்க. இவ தரையப் படம் பிடிக்கிறாடி" என்று தண்ணீர்க் குழாயடியில் பேச்சு. பேசட்டும் என்று விட்டேன்.

அப்படிப் படம் எடுத்துக்கொண்டே போனபோது மேற்குக் கோடியில் கொட்டகை வந்தது. உங்கள் படத்தில் அது இல்லை. தரையில் இருக்கிறது. அதனால் நான் படத்திலும் வைத்தேன். துருப்பிடித்த தகரத்தையும் விட்டுவைக்கவில்லை. கெட்டியான பொருளாக வைப்பதா, விமானம் ஊடே புகுந்து போகும்படி வைப்பதா என்று படம் செய்யும் கம்ப்யூட்டர் நிரல் கேட்டது. கெட்டியாகத்தான் வைத்தேன். உங்கள் அண்ணன் கட்டிய சுவரில் புகுந்து வெளியே வந்த பூனைகூடக் கிடையாது.

அதற்குப் பிறகு வந்த திட்டுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு ஜெர்மன்காரர் மூன்று தடவை மோதிவிட்டு, பள்ளத்தாக்கு அற்புதம், ஆனால் ஓடுபாதையில் ஆடு வைத்த மகான் யார் என்று கேட்டிருந்தார். என் மைத்துனர் குடும்பம் என்று பதில் போட்டேன். அவர் சிரிப்புப் படம் அனுப்பினார். நான் சிரிக்கவில்லை.

தலைநகர் பிஷ்கெக்கில் இருக்கும் ரெனாத் என்ற விமானியும் அங்கேதான் வந்து மோதினார். அவர் நிஜ விமானி. பனிக்காலத்தில் கணவாய் மூடிக்கொள்ளும் ஊர்களிலிருந்து நோயாளிகளை ஏற்றிவரச் சின்ன விமானம் ஒன்று வரப்போகிறது, அதற்காகப் பழைய தளங்களைத் தேடுகிறேன் என்று எழுதினார். கோக்-பெல்லில் பாதை காலியாக இருப்பதாக ஊராட்சி அலுவலகம் எழுதிக் கொடுத்திருக்கிறது, உங்கள் படத்தில் கொட்டகை இருக்கிறது, இரண்டில் எது உண்மை என்று கேட்டார். காலியாக இருந்தால் இந்த மாதக் கடைசியில் ஒருமுறை வந்து இறங்கிப் பார்ப்பார்களாம்.

ஊராட்சித் தலைவர் நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னலைத் திறந்திருந்தாலே கொட்டகை தெரிந்திருக்கும். மேலிடம் கேட்டது, காலி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இப்போது என் படம் அவர் கையெழுத்தைப் பொய்யாக்குகிறது. அவர் உங்கள் அண்ணனிடம் போய் நின்றார். உங்கள் அண்ணன் என்னிடம் வந்து நின்றார்.

வந்தவருக்கு முறைப்படி குனிந்து வணங்கினேன், தேநீர் ஊற்றினேன், ரொட்டியைப் பிட்டு முன்னால் வைத்தேன். அதில் ஒரு குறை சொல்ல முடியாது. அவர் கிண்ணத்தைத் தொடவில்லை.

"இந்தாம்மா, பொம்மைப் படம் போடுற வேலையெல்லாம் எனக்கு வேண்டாம். என் கொட்டகைய அதுலேருந்து தூக்கிடு. பாதை சுத்தமா இருக்கற மாதிரி காட்டு. அவங்களுக்கும் சந்தோஷம், நமக்கும் சந்தோஷம்" என்றார்.

"சுத்தமா இருக்குன்னு நம்பி நிஜமா ஒருத்தர் வந்து இறங்கினா?" என்று கேட்டேன்.

"எவன் வரப் போறான்? எத்தன பேரப் பார்த்தாச்சு. வருவாங்க, ஆட்ட அறுக்கச் சொல்லித் தின்னுவாங்க, கை குலுக்கிட்டுப் போவாங்க. பனி விழுந்தா இங்க நிக்கறது நானும் என் ஆடும்தான். அதுங்கள உன் கம்ப்யூட்டர்லயா கட்டி வைப்பேன்?"

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. அதை அவரிடமே ஒப்புக்கொண்டேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பழைய டிராக்டர் நிலையத்தின் சுவர் அப்படியே நிற்கிறது, கூரையை மட்டும் பிரித்து அங்கே போட்டால் போதும், ஊரில் நாலு பேர் கை கொடுத்தால் வேலை முடிந்துவிடும் என்றேன். "எனக்கு யோசனை சொல்ற அளவுக்கு ஆயிட்டியா?" என்றார். அப்போதுதான் என் வாய் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனது. "அந்தப் பாதை காலியா இருந்து ஒரு விமானம் வந்திருந்தா சாய்ரா இன்னிக்கு இங்க உக்காந்து தேநீர் ஊத்தியிருப்பா" என்று சொல்லிவிட்டேன்.

சொல்லியிருக்கக் கூடாது என்று நீங்கள் நினைப்பீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. உங்கள் ஒரே தங்கை. பிரசவ வலியில் துடித்தவளைப் போர்வையில் சுற்றி, டிராக்டர் வண்டியில் படுக்கவைத்து, பனியைக் கிழித்துக்கொண்டு கணவாய்க்குப் போனது உங்கள் அண்ணன்தான். பாதி வழியில் பனி மறித்தது. திரும்பி வந்தபோது வண்டியில் இரண்டு உயிரும் இல்லை. அதன்பிறகு இந்த வீட்டில் அவள் பெயரை யாரும் எடுப்பதில்லை. செத்தவள் பெயரையும் சொல்லக்கூடாது, உயிரோடிருக்கும் ஆண்கள் பெயரையும் நான் சொல்லக்கூடாது என்றால் இந்த வீட்டு மருமகளுக்கு வாய் எதற்கு?

அவர் முகம் சாம்பலாகிவிட்டது. "அவ பேர இழுக்காத" என்று மட்டும் சொன்னார். எழுந்தார். ரொட்டியில் ஒரு துண்டுகூட வாயில் போடாமல் வெளியே போனார். நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து யாரும் அப்படிப் போய்ப் பார்த்ததில்லை. அத்தை ரொட்டியைப் பார்த்தபடியே இருந்தார்.

அத்தை என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். மறுநாள் பால் கறந்துவிட்டு வந்து, "அந்தப் படத்தக் காட்டு, எதுக்குத்தான் இவ்வளவு சண்டைன்னு பார்க்கறேன்" என்று என் நாற்காலியில் உட்கார்ந்தார். கணவாய்ப் பக்கமிருந்து விமானத்தைக் கொண்டு வந்தேன். நெட்டிலிங்க மரங்கள் வந்தன, ஆறு வந்தது, நம் வீட்டு நீலக் கூரை வந்தது. அத்தை மேசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "ஐயோ மெதுவா போடி, துணி காயுது!" என்றார். பிறகு திரையில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "அவன் கொட்டகையப் போட்டிருக்க, என் ரொட்டி அடுப்ப ஏன் போடல?" என்று கோபித்துக்கொண்டார். அடுப்பையும் வைத்துவிட்டேன். புகை வேண்டுமாம். அதையும் வைத்தேன்.

சிரித்து முடித்ததும் விமானத்தை மேலும் கொண்டு போகச் சொன்னார். ஓடுபாதைக்கு வந்து கொட்டகையில் மோதினேன். திரை கறுத்தது. அத்தை மேசையை விட்டுக் கையை எடுத்தார். "மறுபடியும் மோதிக் காட்டாத" என்றார். அன்று மாலையே தடியை ஊன்றிக்கொண்டு உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போனார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்து ஒன்றுதான் சொன்னார்: "அவ சொல்லி நான் இடிச்சேன்னு ஊர் பேசக்கூடாதாம். தம்பி ஒரு வார்த்த சொல்லட்டும், நாளைக்கே பிரிக்கறேங்கறான்."

புரிகிறதா? உங்கள் அண்ணனுக்கும் மனது இருக்கிறது. அந்த மனதுக்குள் நுழைய அவருக்கு ஒரு ஆண் பிள்ளையின் குரல் வேண்டியிருக்கிறது. எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் கூரை இறங்கினால் போதும், யார் சொல்லி இறங்கினால் என்ன? நீங்களோ அவருக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் எனக்கு ஒரு வார்த்தை அனுப்பியிருக்கிறீர்கள். படத்திலிருந்து எடுக்க எனக்குக் கண் சிமிட்டும் நேரம் போதும். அப்புறம் பனியில் ஒருவர் நம் படத்தையும் ஊராட்சிக் காகிதத்தையும் நம்பி வந்து இறங்குவார். அந்தப் பாவத்தை நீங்கள் சுமப்பீர்களா, நான் சுமக்கவா?

நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன், பிறகு யார் வாயிலாகவோ கேள்விப்பட வேண்டாம். கொட்டகை இருக்கிறது, ஊராட்சிக் காகிதம் பொய் என்று ரெனாத்துக்கு எழுதிவிட்டேன். தளத்தை இறக்கிக்கொள்ளும் இணையப் பக்கத்தில் செய்தவர் பெயர் என்ற இடத்தில் உங்கள் பெயர் மட்டும் இருந்தது. அதற்குக் கீழே என் பெயரைச் சேர்த்துவிட்டேன். தரையில் மண்டிபோட்டது நான். திட்டு வாங்கியதும் நான்தான்.

உங்களுக்கு அது பிடிக்கவில்லை என்றால் அங்கிருந்தே உள்ளே போய் எல்லாவற்றையும் அழித்துவிடலாம். பாஸ்வேர்டை நான் மாற்றவில்லை. இன்னும் உங்கள் அப்பாவின் பெயர்தான். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்கிறார்கள். தினமும் விரலால் தட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. அழிப்பதானால் அழியுங்கள். நான் மறுபடியும் தரையில் மண்டிபோட்டு முதலிலிருந்து செய்வேன்.

ஆனால் இப்போது மண்டிபோட எனக்குக் கொஞ்சம் சிரமம். மூன்று மாதம் ஆகும்வரை வெளியே சொல்லக்கூடாது என்றார் அத்தை. அதற்கப்புறம் நானாகத்தான் சொல்லவில்லை. சாய்ராவை நினைத்து அங்கே தூங்காமல் கிடப்பீர்கள் என்று பயந்தேன். மே மாதம் நீங்கள் வந்துவிட்டுப் போனீர்கள். பிப்ரவரியில் பெர்மெத்துக்குத் தம்பியோ தங்கையோ வரும். பிப்ரவரியில் கணவாய் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை.

நவம்பரிலேயே மலை இறங்கிப் போய் யார் வீட்டிலாவது உட்கார்ந்துகொள் என்பீர்கள். எனக்குப் போக இடம் இருக்கிறது. குழாயடியில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்களில் இரண்டு பேர் என்னைப் போலவே மாசமாக இருக்கிறார்கள், அவர்களுக்கு இடம் இல்லை. நான் போக மாட்டேன். பாதை காலியாகும்வரை இங்கேதான் இருப்பேன், உங்கள் அண்ணனின் கொட்டகையைப் பார்த்தபடி. பயந்து எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். பயமும் இருக்கிறது, அதைவிடக் கோபம் அதிகமாக இருக்கிறது.

பெர்மெத் உங்களுக்கு ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறாள், இதோடு அனுப்புகிறேன். விமானத்தில் நீங்கள் கையசைக்கிறீர்களாம். கீழே ஆடு எதுவும் இல்லை, ஏன் என்று கேட்டேன். "அப்பா சொல்லிட்டாரு, பெரியப்பா எடுத்துட்டாரு" என்றாள்.

குளிர் தொடங்கிவிட்டது, கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதீர்கள். இறைவன் உங்கள் கைகால்களைக் காக்கட்டும், போன இடத்திலிருந்து உங்களை நல்லபடி திருப்பிக் கொண்டுவரட்டும். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து வாயாலோ கையாலோ உங்களை நான் பெயர் சொல்லி அழைத்ததில்லை. இன்று அழைக்கிறேன். இதைக் கேட்டும் நீங்கள் அசையாவிட்டால் இனி எப்படி அழைப்பது என்று எனக்குத் தெரியாது.

சாதிர்பெக், அண்ணனுக்குப் போன் செய்யுங்கள்.

ஜிபார்குல்