அவள் சொல்ல, நான் எழுத

மார்ச் 4, திங்கள்

ஆபரேஷன் தியேட்டர் பச்சைத் துணி குறைவாக வந்தது. "மெஷின் மக்கர் பண்ணுது, மத்தியானம் வந்துடும்" என்றார் சலவைக்காரர். வந்தது. புதுப் போர்வைகளின் மூலையில் வார்டு எண் எழுதி முடித்தேன். இந்த ஆஸ்பத்திரித் துணி அறையில் பதினேழு வருடமாக இதே எழுத்து.

மாலை டெலிபோன் அறைப் பெண் கூப்பிட்டாள். முந்நூறு உள்எண்களும் மனப்பாடம் என்பதால் எல்லோருக்கும் அவள் 'எக்ஸ்டென்ஷன்'. பிறவியிலேயே பார்வை இல்லை. இருபத்தெட்டு வயதிருக்கும். "லைன் தர்றேன்கா" என்பதைத் தாண்டி நாங்கள் பேசியதில்லை.

"போர்வையில எழுதறது நீங்கதானாமே? எழுத்து முத்து முத்தா இருக்குன்னு நர்ஸுங்க சொல்றாங்க."

பன்னிரண்டாம் வகுப்பைத் தனித்தேர்வாக எழுதப் போகிறாளாம். அவள் சொல்லச் சொல்ல எழுதித் தர ஆள் வேண்டும். எழுதுகிறவர் பன்னிரண்டாவது முடித்திருக்கக் கூடாது, அது விதி.

"நீங்க எதுவரைக்கும் படிச்சீங்கக்கா?"

"பத்து."

"அப்பாடா!"

நான் பத்தோடு நின்றதற்கு இதுவரை யாரும் சந்தோஷப்பட்டதில்லை.

மார்ச் 6

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? தெரியவில்லை. மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். லிஃப்ட் ரிப்பேர் முடித்து வந்து க்ரீஸ் கையைச் சோப்பு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். "ஒன்பதாவதோட ஓடி வந்தவன் நான். நீ எனக்கு மேல. போய்ட்டு வாங்க, எழுத்தரம்மா" என்றார்.

மார்ச் 15

மதிய இடைவேளையில் பொருளியல் பாடத்தை நான் வாசிக்க, அவள் போனில் பதிந்துகொள்கிறாள். இன்று நடுவில் நிறுத்தினாள்.

"இப்ப வாசிச்சது புரிஞ்சுதாக்கா?"

"வாசிக்கத்தானே வந்தேன்? புரியணும்னு யார் சொன்னா?"

"உங்களுக்குப் புரியாம வாசிச்சா எனக்கும் புரியமாட்டேங்குது."

முதலிலிருந்து வாசித்தேன். இரண்டாம் தடவை புரிந்தது. அந்த ஒரு பக்கம் மட்டும்.

மார்ச் 28

எல்லாப் பாடமும் முடிந்தது. போர்வை மடிக்கும்போது வாய் தானாக 'தேவை, அளிப்பு' என்று முணுமுணுக்கிறது.

ஏப்ரல் 12, வெள்ளி

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பொருளியல் தேர்வு. எங்கள் இருவருக்கும் தனி அறை. கண்காணிப்பாளர் ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முதல் மூன்று தேர்வு போலவே நன்றாகத்தான் போயிற்று. பதினாலாவது கேள்வி: விலை ஏறினால் வாங்குவது குறையும் என்ற விதிக்கு விலக்குகள் எவை? ஐந்து மதிப்பெண்.

ஒன்று சொன்னாள். எழுதினேன். பிறகு பேச்சே இல்லை. விரலால் மேசையைத் தட்டினாள், நெற்றியைத் தேய்த்தாள். அந்தப் பக்கத்தை நான்தான் அவளுக்கு இரண்டு தடவை வாசித்தேன். மூன்று விலக்குகளும் எனக்குத் தெரியும். 'விலை இன்னும் ஏறிவிடும் என்று பயந்தால் மக்கள் முன்னைவிட அதிகமாக வாங்குவார்கள்.' என் கை அதை எழுதியது. அடுத்ததையும் எழுதியது.

"அக்கா."

"ம்."

"நான் ஒரு வரிதான் சொன்னேன். பேனா மூணு வரி ஓடுது."

கண்காணிப்பாளர் தலை நிமிர்த்தினார்.

"நான் சொல்லாததை அடிச்சுடுங்க" என்றாள். சத்தமே உயர்த்தவில்லை. அடித்தேன். இரண்டு கோடு.

வெளியே வந்ததும் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. பஸ் நிறுத்தம் வரை குச்சியைத் தட்டிக்கொண்டு தனியாகவே நடந்தாள். பஸ் ஏறும் முன்பு சொன்னாள்: "உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க எழுதுங்க. உங்க பேர்ல. என் பேர்ல வேண்டாம்."

ஏப்ரல் 13

நல்லதுதானே செஞ்சேன்? யாருக்கு நல்லது? அவ கேட்டாளா? பாவம்னு நினைச்சேனா, இல்ல எனக்கும் தெரியும்னு காட்டிக்க ஆசைப்பட்டேனா?

ரெண்டும்தான். கொஞ்சம் அது, கொஞ்சம் இது.

மே 20

முடிவு வந்தது. பொருளியலில் மட்டும் இரண்டு மதிப்பெண்ணில் போய்விட்டது. மற்றதெல்லாம் தேறிவிட்டாள்.

டெலிபோன் அறைக்கே போனேன். "அடிக்காம விட்டிருந்தா பாஸ் ஆகியிருக்கும்" என்றேன்.

"ஆகியிருக்கும். நீங்க பாஸ் ஆகியிருப்பீங்க."

அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு. எனக்கு வரவில்லை. அப்புறம் வந்தது.

ஜூன் 10

தனித்தேர்வு விண்ணப்பம் வாங்கினேன். என் பேருக்கு. வயதுக் கட்டத்தில் நாற்பத்து மூன்று. 'கடைசியாகப் படித்த ஆண்டு' கட்டத்தில் எழுதியதைப் பார்த்த கிளார்க் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

ஜூலை 22

வாசிப்பது முன்போலவேதான். பதிவு அவளுக்கு, பாடம் இருவருக்கும்.

ஆகஸ்ட் 30

கால அட்டவணை வந்தது. அவள் எழுத வேண்டியது பொருளியல் ஒன்றுதான். நான் ஆறு பாடம். பொருளியல் இருவருக்கும் ஒரே நாள், ஒரே நேரம். விண்ணப்பிக்கும்போதே தெரியாதா? தெரியும். அதற்குள் வேறு யாராவது கிடைப்பார்கள் என்று இருந்துவிட்டேன். அவளுக்கு எழுத ஒப்புக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது. நாங்கள் கேட்ட மற்றவர்கள் எல்லாம் பன்னிரண்டாவது முடித்தவர்கள்.

"பொருளியலை நான் அடுத்த தடவை எழுதிக்கறேன்" என்று சொன்னேன். எக்ஸ்டென்ஷனுக்குக் கோபம் வந்துவிட்டது. நடுவில் வந்த இரண்டு போன் அழைப்புகளை வெட்டிவிட்டாள். அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"எனக்காக விட்டுக்கொடுத்தேன்னு நீங்க ஒருநாளும் சொல்லிக்காட்ட மாட்டீங்க. ஆனா எனக்குத் தெரியுமில்ல? அந்தப் பாரத்தை என் தலையில கட்டாதீங்கக்கா."

நான் என்னத்தைச் செய்ய? நான் எழுதினா இவ வருஷம் போகுது. இவளுக்கு எழுதினா இவ முகத்துல முழிக்க முடியாது.

செப்டம்பர் 1

நான் புலம்பியதை இவர் சவரம் செய்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பாதி நுரையோடு திரும்பினார்.

"பத்தாவது படிச்ச நீ எழுதலாம்னா, ஒன்பதாவது படிச்ச நான் எழுதக் கூடாதா? கணக்குப்படி எனக்குத் தகுதி உன்னைவிட ஜாஸ்தி."

இவர் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். அதையும் சொன்னேன். "பழகிக்கறேன். லிஃப்டே பழகினவன்" என்றார்.

செப்டம்பர் 14

வேலை முடிந்ததும் இவர் டெலிபோன் அறைக்குப் போகிறார். அவள் சொல்கிறாள், இவர் எழுதுகிறார். இன்று நானும் போய்ப் பார்த்தேன்.

"அண்ணா, பேப்பர் கிழியற சத்தம் கேக்குது. பேனாவை ஸ்க்ரூ டிரைவர் மாதிரி முறுக்காதீங்க."

"நீ மெதுவா சொல்லும்மா. எழுத்துக்கு ஒரு மாடி, நின்னு நின்னுதான் போவேன்."

மாணவன் என்றால் இவர்தான். நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுகிறார். 'முதலீடு' என்பதில் 'லீ' மட்டும் வேறு யாரோ எழுதியது மாதிரி அழகாக இருந்தது.

அக்டோபர் 4, வெள்ளி

பொருளியல். ஒரே கட்டடம். அவர்கள் கீழே, நான் மாடியில். வாசலில் இருந்த அதிகாரிக்கு என்னை ஏப்ரலிலிருந்தே நினைவிருந்தது.

"இன்னிக்கு யாருக்கு எழுத வந்தீங்க?"

"எனக்கு."

மூன்று மணி நேரம். கைதான் வலித்தது. யாரும் சொல்லாமல் எழுதுவது மெதுவாகத்தான் போகிறது. ஒவ்வொரு வரியையும் நானே தேட வேண்டும். இரண்டு இடத்தில் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவள் நெற்றியைத் தேய்த்தது எதற்கென்று அப்போது தெரிந்தது.

இறங்கி வந்தபோது இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். இவர் சட்டையெல்லாம் மை. "நான் சொன்னதை மட்டும்தான் எழுதினார்" என்றாள். "வேற ஏதாவது தெரிஞ்சாத்தானே எழுத?" என்றார் இவர்.

நவம்பர் 18

அவள் அறுபத்து நாலு. தேறிவிட்டாள்.

எனக்கு ஆங்கிலம் போய்விட்டது. மற்ற ஐந்தும் கிடைத்தது. பொருளியல் ஐம்பத்தேழு. இரண்டு தடவை எண்ணைச் சரிபார்த்தேன். வருத்தமா? தேடிப் பார்த்தேன், பெரிதாக இல்லை. ஏழாம் வார்டுக்குப் போர்வை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 7, சனி

அஞ்சல் வழியில் பட்டப்படிப்புக்குச் சேர்ந்துவிட்டாள். மதிய இடைவேளையில் எனக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறாள். தப்பாகச் சொன்னால் லைனை வெட்டுவது போல நாக்கால் 'டக்' என்று ஒரு சத்தம். இந்த வாரம் பதினொரு டக். போன வாரம் இருபது.

இவர் வீட்டில் இல்லை. பார்வை போன தையல்காரர் ஒருவருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மாதிரித் தேர்வு எழுதித் தரப் போயிருக்கிறார். நான் அனுப்பவில்லை, எக்ஸ்டென்ஷனும் சொல்லவில்லை. அக்டோபரிலேயே தேர்வு மையத்து அதிகாரியிடம் தன் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தாராம். இன்று காலைதான் சொன்னார், ஷூ மாட்டிக்கொண்டே.

நான் சமையலறை மேசையில் ஆங்கில இலக்கணத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். ஆறாம் பயிற்சி. பத்தில் எட்டு சரி.