எட்டுக்கு இரண்டு போதாது

மந்தைவெளி,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் டெல்பினுக்கு,

அம்மா எழுதுவது. டப்ளின் குளிரில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். அப்பா இரண்டு இட்லி சாப்பிடுகிறார். பக்கவாதம் வந்த இடது கை இன்னும் எழும்பவில்லை.

போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய். அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் நான் மெய்ப்புத் திருத்திய பதினோரு பக்கம் தொலைந்தது. பதிப்பகத்தில் முகம் சுளித்தார்கள். உடனே நீ, அம்மாவால் அப்பாவையும் வேலையையும் சேர்த்துப் பார்க்க முடியாது என்று தீர்ப்பெழுதி, அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கப் படிவம் அனுப்பிவிட்டாய். தவறு யாருடையது என்று இப்போது கேள்.

என் லேப்டாப்பில் ரேம், அதாவது திறந்திருக்கும் வேலையைத் தாங்கும் நினைவு, எட்டு ஜி.பி. லினக்ஸ் போட்டபோது ஸ்வாப் என்று வட்டில் தனி இடமாக நானே பன்னிரண்டு ஒதுக்கியிருந்தேன். மூடியை மூடினால் திறந்திருக்கும் வேலையையெல்லாம் அந்த இடத்தில் எழுதி வைத்துவிட்டு மெஷின் முழுதாக அணைந்துவிடும். அப்பா கூப்பிட்டால் நான் பாதி வரியில் எழுந்து ஓடுகிறவள். எனக்கு அதுதான் வேண்டும். இரண்டு வருடம் ஒரு எழுத்து போனதில்லை.

நீ என்ன செய்தாய்? நான் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் உன் சித்தி மகன் லாய்டை வரவழைத்து லினக்ஸைப் புதிதாகப் போடச் சொன்னாய். வந்து பார்த்தால் ஸ்வாப் இரண்டு, மெஷின் தானாகத் தரும் அளவு. கேட்டதற்கு, “பெரிம்மா, டெல்பின் அக்காதான் டீஃபால்ட்ல வுடச் சொல்லிச்சு. ஸ்வாப்லாம் இப்ப யாருக்குமே தேவயில்ல” என்று சிரித்தான். படித்தவர்கள் சொல்கிறீர்களே என்று விட்டேன். நான் செய்த ஒரே தவறு அது.

பக்கங்கள் தொலைந்த அன்று அப்பா கட்டிலிலிருந்து சரிந்தார். வழக்கம்போல மூடியை மூடிவிட்டு ஓடினேன். எட்டை இரண்டில் எப்படி எழுதி வைக்கும்? எழுத முடியாமல் விழித்தே கிடந்து, பழைய பேட்டரி தீர்ந்ததும் செத்துப்போனது.

சனிக்கிழமை எல்லாவற்றையும் அழித்து நானே மறுபடி போட்டேன். டீஃபால்ட்டைத் தொடாதீர்கள் என்று எழுதியிருந்த இடத்தில்தான் முதலில் கை வைத்தேன். பன்னிரண்டு. அப்பாவுக்குப் பயிற்சி கொடுக்க வரும் அப்துல் கஃபார் எட்டிப் பார்த்து, “இன்னாம்மா, மெஷினு தூங்கறதுக்கு இம்மாம் பெரிய ரூமா? என் வூட்ல அஞ்சு பேருக்கே ஒரு ரூமுதான்” என்றார். அப்பா சிரித்தார். வலது பக்கம் மட்டும்தான், ஆனால் சிரித்தார்.

நேற்று ஆஸ்பத்திரியில் ஐந்து மணி நேரம். திரும்பி வந்து பொத்தானை அழுத்தினேன். விட்ட வரியிலேயே கர்சர் நின்றது.

வட்டில் இடம் வீண் என்பாய். என் வட்டு. யாருக்கு எவ்வளவு தேவை என்பது கூட இருந்து பார்க்கிறவளுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை அந்த இல்லத்திலிருந்து ஆள் வருவதாகச் செய்தி வந்திருக்கிறது. வந்தால் வாசலோடு திருப்பி அனுப்புவேன். அதற்கு முன் நீயே வேண்டாமென்று சொல்லிவிடு. அந்தப் படிவத்தைப் பற்றி இதுவரை அப்பாவிடம் நான் மூச்சு விடவில்லை. தினமும் உன் போனுக்காக நாலு மணியிலிருந்தே காத்திருக்கிற மனுஷனிடம் அதைச் சொல்லும்படி என்னை வைத்துவிடாதே, மகளே.

உன் நெற்றியில் இங்கிருந்தே சிலுவை வரைகிறேன்.

அம்மா,
மர்சலின் ராஜநாயகம்